மணையும் பலகையும்



வெளி மாநிலங்களில் குடியேறிய தமிழர் வீடுகளில், ஊரிலிருந்து கொண்டு சென்ற பண்டங்கள் சில தவறாமல் இருக்கும். குத்துவிளக்கு ஒன்று, இட்லிக் கொப்பரை ஒன்று, அவற்றோடு அரிவாள்மணை ஒன்று. விளக்கும் கொப்பரையும் உலோகம் ஆதலால், எந்த ஊருக்குப் போனாலும் துலக்கத் துலக்கப் புதியனவாகவே நிற்கின்றன. மணையோ மரம். தஞ்சையிலும் நெல்லையிலும் பாட்டி காலந்தொட்டு உழைத்த மணை, தில்லிக்குப் போன இரண்டாம் கோடையிலேயே நடுவில் வெடித்துவிடுகிறது. மும்பைக்குப் போன மணையில் முதல் மழைக்காலத்திலேயே பூசணம் பூக்கிறது. ‘மரம் சரியில்லை’ என்று சொல்லி அதனை மூலையில் போட்டுவிட்டு, கத்தியால் நறுக்குவதற்கென்று கடையிலிருந்து ஒரு பலகை வாங்கி வருகிறோம். ஓராண்டு கழிந்தால் அந்தப் பலகையும் மணை போன வழியே போகிறது.

இதில் மரத்தின் குற்றம் மிகச் சிறிது. மரம் தான் இருக்கும் ஊரின் காற்றை உண்டு வாழும் பொருள். ஊர் மாறினால் காற்று மாறுகிறது. காற்று மாறினால் மரத்தைப் பேணும் முறையும் மாற வேண்டும். மணையை மட்டும் பெட்டியில் வைத்துக் கொண்டுபோய், பேணும் முறையைப் பழைய ஊரின்படியே வைத்துக்கொள்வதால்தான் அது கெடுகிறது. ஆகவே, காய்கறி நறுக்கும் மணையையும் மரப்பலகையையும் அந்தந்த ஊருக்கு ஏற்பப் பேணுவது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

காற்று மாறினால் மரம் மாறும் என்பதைக் காண நெடுந்தொலைவு போக வேண்டுவதில்லை. நம் எல்லைக்கு அப்பால் காந்தலூர் என்னும் மலையூர் ஒன்று இருக்கிறது. கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தில், தேவிகுளம் வட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்த ஊர் அது. மறையூர், காரையூர், கீழாந்தூர், காந்தலூர், கொட்டகுடி என்னும் ஐந்து ஊர்களையும் சேர்த்து அஞ்சுநாடு என்பர். முன்னாளில் மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் தங்கள் முன்னோர் என்பது அங்குள்ள குடிகளிடையே வழங்கிவரும் மரபு. அவர்கள் வீட்டில் ஒலிப்பது இன்றும் தமிழே. அவர்களும் உங்களைப் போலவே வேறு மாநிலத்தில் வாழும் தமிழர்கள்தாம்.

உடுமலைப்பேட்டையிலிருந்து காந்தலூருக்குப் போகும் வழி, அரை நாளுக்குள் முடிந்துவிடுவது. ஆனால் அவ்வழியில் மூன்று காற்றுகளைக் காணலாம். கீழே கொங்குச் சமவெளியின் உலர்ந்த காற்று. சற்று மேலே, மழை மறைவில் கிடக்கும் சின்னாற்றுக் காட்டின் காற்று. அங்கே கள்ளியும் முள்மரமும் வளரும் அளவுக்கு வறட்சி. அதையும் கடந்து மறையூர் வழியாக மேலேறினால், காந்தலூரின் மூடுபனியும் குளிரும். கீழே உடுமலையில் வாங்கிய ஒரு பலகையை மேலே கொண்டுபோய் ஒரு திங்கள் வைத்திருந்தால், அதன் அகலம் சிறிது கூடும். மேலே செய்த பலகையைக் கீழே கொண்டுவந்தால் அகலம் குறையும். கண்ணுக்குத் தோன்றாத மாற்றந்தான். ஆயினும் மணையில் அலகு செருகிய துளைக்கு அது நன்கு தெரியும். மேலே இறுக நின்ற அலகு கீழே வந்ததும் ஆடத் தொடங்குவதற்குக் காரணம் இதுவே. அரை நாள் வழியிலேயே இவ்வாறு என்றால், மதுரையிலிருந்து தில்லிக்கும் கொல்கத்தாவுக்கும் போகும் மணையின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

மரத்தின் இந்த இயல்பைச் சிறிது விளங்கிக்கொண்டால், பின்னால் சொல்லும் முறைகள் யாவும் தாமே விளங்கும். வெட்டி அறுத்துப் பலகையான பின்பும் மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கிறது. ஈரம் மிகுந்தால் வீங்குகிறது; குறைந்தால் சுருங்குகிறது. இழை ஓடும் நீளவாக்கில் இம்மாற்றம் இல்லை என்றே சொல்லலாம். அகலவாக்கில்தான் எல்லா மாற்றமும். பலகையின் இரண்டு முகங்களும் ஒரே அளவில் நனைந்து ஒரே அளவில் உலர்ந்தால் தீங்கு ஒன்றுமில்லை. ஒரு முகம் ஈரமாகவும் மறுமுகம் உலர்ந்தும் இருந்தால், ஈரமான முகம் விரிய, உலர்ந்த முகம் சுருங்க, பலகை கிண்ணம்போல் வளைகிறது. விளிம்பு விரைவில் உலர்ந்து நடுப்பகுதி ஈரமாகவே நின்றால், இழுப்புத் தாங்காமல் வெடிக்கிறது. இழைகள் அறுபட்டு முடியும் இரு தலைப்புகளின் வழியாகவே நீர் மிக விரைவாக உட்புகுகிறது; வெளியேறுவதும் அவ்வழியே. வெடிப்பு எப்போதும் தலைப்பிலிருந்து தொடங்கி நடுவை நோக்கி ஓடுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஆகவே, பலகையைக் கெடுப்பது நீர் என்று மட்டும் சொல்வது பாதி உண்மை. ஒருபக்கத்து ஈரமும் விரைந்த உலர்வுமே அதனைக் கெடுக்கின்றன.

அரிவாள்மணையும் நறுக்குப் பலகையும் கெடும் விதத்தில் ஒரு வேற்றுமை உண்டு. அரிவாள்மணையில் அலகு நிற்கிறது; காய்தான் கையோடு சென்று வருகிறது. ஆதலால் மணையின் மரத்தில் வெட்டுக்காயம் விழுவதில்லை. அதற்குப் பகை கீழே இருக்கிறது. கழுவிய தரையின் மேலும், சமையலறையின் ஈரக் கல்லின் மேலும் அது கிடக்கிறது. அடிமுகம் நீரைக் குடிக்க, மேல்முகம் உலர்ந்து நிற்க, நாளடைவில் வளைந்து தரையில் ஆடுகிறது. நறுக்குப் பலகையிலோ கத்தி வந்து மோதுகிறது. ஆயிரம் சிறு கீறல்கள் மேல்முகத்தில் விழுகின்றன. காயின் சாறும் இறைச்சியின் நீரும் அக்கீறல்களில் தங்குகின்றன. மணைக்கு அடிமுகத்தைக் காக்க வேண்டும்; பலகைக்கு மேல்முகத்தைக் காக்க வேண்டும். மணையின் அடியில் கால்கட்டை இல்லையானால், இரண்டு சிறு மரச்சட்டங்களைத் தைத்துத் தரையிலிருந்து ஒரு விரற்கடை உயர்த்திவிடுங்கள். காற்று அடியில் நுழைய வழி கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

இனி, எந்த மரம் நல்லது? நம் ஊரில் மணைக்குப் பலாவும் மாவும் வேம்பும் புளியும் பயன்பட்டு வருகின்றன. இவற்றுள் புளியின் வைரம் மிகக் கடியது. இறைச்சிக் கடைகளில் கிடக்கும் வெட்டுக்கட்டை பெரும்பாலும் புளியங்கட்டையாகவே இருப்பது இதனால்தான். அக்கட்டையைக் கவனித்தால் இன்னொன்றும் தெரியும். அது மரத்தைக் குறுக்கே துண்டாக அறுத்தது. இழைகளின் நுனிகள் மேல்நோக்கி நிற்கின்றன. வெட்டுக்கத்தி இழைகளை அறுக்காமல் அவற்றின் இடையே புகுந்து மீள்வதால், கட்டை நெடுநாள் தாங்குகிறது. கத்தியின் கூரும் விரைவில் மழுங்குவதில்லை. தேக்கு ஈரத்தைத் தாங்கும். ஆனால் அதனுள் மணல்போன்ற நுண்பொருள் கலந்திருப்பதால் கத்தி சற்று விரைவாக மழுங்கும். காந்தலூர்ச் சரிவுகளில் பெருகி நிற்கும் தைலமரம் அறுத்து உலர்த்துகையில் பிளக்கும் இயல்புடையது. விறகுக்கு ஆகும், பலகைக்கு அவ்வளவாக ஆகாது.

எந்த மரமானாலும் வைரம் பாய்ந்த நடுப்பகுதியையே கேட்டு வாங்குங்கள். வெளிறு விரைவில் ஈரம் ஏற்கும், வண்டும் துளைக்கும். வைரத்துக்கும் வெளிறுக்கும் உள்ள வேற்றுமைக்குக் காந்தலூர் வழியிலேயே நல்ல சான்று நிற்கிறது. மறையூரின் சந்தனக் காடுகளை வேலியிட்டு வனத்துறை காத்து வருகிறது. சந்தனத்தின் மணமும் எண்ணெயும் அதன் வைரத்தில் இருக்கின்றன, வெளிறில் இல்லை. ஒரே மரத்தின் இரு பகுதிகளில் ஒன்று பொன்விலை போக, மற்றொன்று அத்தனை விலை போவதில்லை. சந்தனத்தில் யாரும் காய் நறுக்கப் போவதில்லை. ஆயினும் மரம் வாங்கும்போது இந்தப் பாடம் நினைவில் இருக்கட்டும்.

இக்காலத்தில் எல்லா நகரங்களிலும் மூங்கில் பலகை விற்கிறார்கள். அதுவும் மரப்பலகை என்றே பலர் எண்ணுகின்றனர். அகத்தே வைரம் உடையது மரம், புறத்தே வைரம் உடையது புல் என்று தொல்காப்பியத்தின் மரபியல் பகுத்துக் கூறுகிறது. அந்தக் கணக்கின்படி மூங்கில் புல். இன்றைய தாவர நூலும் அதனைப் புல்லினத்திலேயே சேர்க்கிறது. வைரம் புறத்தே மெல்லிய சுவராக இருப்பதனால், மூங்கிலிலிருந்து அகன்ற பலகை ஒன்றை நேராக அறுக்க இயலாது. சிறு சிறு சிம்புகளாகப் பிளந்து பசையால் ஒட்டியே பலகை ஆக்குகிறார்கள். அது வலியது, நீரையும் குறைவாகவே ஏற்கும். ஆனால் நீரில் ஊறவிட்டால் மரத்துக்கு முன் பசை விட்டுப்போகும். கத்திக்கும் அது சற்றுக் கடுமையானது. மூங்கில் பலகை வைத்திருப்போர் இதனை அறிந்து நடந்துகொண்டால் போதும்.

நாள்தோறும் செய்ய வேண்டியவை சிலவே. வேலை முடிந்தவுடன் பலகையைக் கழுவிவிட வேண்டும். மற்றப் பாத்திரங்களோடு தொட்டியில் போட்டு மாலை வரை ஊறவிடுதல் கூடாது. வெந்நீரும் சிறிது சோப்பும் கொண்டு இரு முகங்களையும் விளிம்புகளையும் தேய்த்துக் கழுவுங்கள். காய் நறுக்கியது ஒரு முகத்தில்தான் என்றாலும் இரு முகமும் நனைய வேண்டும். காரணம் முன்னமே சொன்னேன். பிறகு துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்து, நிழலில், காற்று இருபுறமும் படுமாறு விளிம்பின்மேல் நிறுத்தி வையுங்கள். கல்மேடையில் படுக்க வைத்தால் அடிமுகம் உலராது. வெயிலில் நெடுநேரம் வைத்தாலும் அடுப்புக்கு மேல் தொங்கவிட்டாலும் விரைந்து உலர்ந்து வெடிக்கும். பாத்திரம் கழுவும் எந்திரம் மரப்பலகைக்குக் கூற்றுவன். நெடுநேர நீராவியும் பின்னர் வரும் சூடும் எந்த மரத்தையும் விட்டுவைப்பதில்லை.

அரிவாள்மணையின் அலகு நிற்கும் துளையைத் தனியே கவனிக்க வேண்டும். அங்கே நீர் தங்கினால் இரும்பு துருப்பிடிக்கும். துளையைச் சுற்றி மரம் கறுத்துப் போகும். மரத்திலுள்ள துவர்ப்புப் பொருளும் இரும்பும் நீரில் கூடும்போது உண்டாவது அக்கருமை. கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து நம் முன்னோர் மை காய்ச்சியதும் இதே வினையைக் கொண்டுதான். ஆகவே கழுவிய பின் துளையின் இருபுறத்தையும் துணிநுனியால் துடைத்து, அலகுக்கு ஒரு துளி எண்ணெய் தடவி, அலகு சுவரைப் பார்க்குமாறு சாய்த்து வையுங்கள். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் இது மரத்துக்கு மட்டும் நன்மை அன்று.

கறையும் வாடையும் எல்லா வீட்டிலும் உள்ள தொல்லை. காந்தலூர், வட்டவடைப் பக்கங்களில் விளையும் பூண்டு 2022 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. பூண்டின் வாடை, பல்லை நறுக்கும் வரையில் அவ்வளவாகத் தோன்றுவதில்லை. நறுக்கும்போதும் நசுக்கும்போதும் உண்டாகும் கந்தகச் சேர்க்கைகளே அவ்வாடைக்குக் காரணம். அவை கீறல்களில் தங்கி மறுநாள் நறுக்கும் மாம்பழத்திலும் ஏறுகின்றன. பலகையின் மேல் கல்லுப்பைத் தூவி, அரை மூடி எலுமிச்சம்பழத்தால் வட்டமாகத் தேய்த்து, ஐந்து நிமிடம் விட்டுக் கழுவினால் வாடை பெரிதும் போகும். உப்பு தேய்த்து எடுக்கிறது. புளிப்பு வாடையைக் குறைக்கிறது. ஆயினும் நறுக்குவதற்கு முன்னரே பலகையைக் குளிர்ந்த நீரால் நனைத்துத் துடைத்துவிட்டால், மரம் முதலில் வெறும் நீரை ஏற்றுக்கொள்ளும். பூண்டுச் சாறும் பீட்ரூட்டுச் சாறும் ஆழ இறங்குவது குறையும். வாழைப்பூ, வாழைக்காய், பலா முதலியவற்றின் பால் பிடிக்காதிருக்க அலகிலும் மணையிலும் கையிலும் எண்ணெய் தடவிக்கொள்வது நம் பெண்கள் அறிந்த முறைதான். மஞ்சள் கறைக்கு மட்டும் வெயில் மருந்து. மஞ்சளின் நிறப்பொருள் ஒளிபட்டால் வெளுக்கும் இயல்பினது. இளங்காலை வெயிலில் கால் மணி நேரம், இரு முகமும் மாற்றி மாற்றிக் காட்டி எடுத்துவிடுங்கள்.

மீனும் இறைச்சியும் சமைக்கும் வீடுகளுக்கு ஒரு சொல். பச்சை இறைச்சிக்கும் மீனுக்கும் ஒரு பலகை. பழத்துக்கும் காய்க்கும் வேறொரு பலகை. இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். பச்சைக் கோழி இறைச்சியிலுள்ள கிருமிகள் கொதிக்கும் குழம்பில் மடிந்துவிடும். அதே பலகையில் நறுக்கிய வெள்ளரிக்காய் கொதிக்கப் போவதில்லை. நோய் வருவது அந்த வெள்ளரிக்காய் வழியாகத்தான்.

மரத்தைவிடப் பிளாஸ்டிக் பலகை தூயது என்னும் எண்ணம் பரவியிருக்கிறது. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டீன் கிளைவரும் அவருடன் பணியாற்றியவர்களும் இதனை ஆராய்ந்து 1994 ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். மரத்தின் மேல் விட்ட கிருமிகள் மரத்துக்குள் இறங்கி, மேற்பரப்பிலிருந்து மீண்டும் எடுக்க முடியாத அளவுக்குக் குறைந்தன. புதிய பிளாஸ்டிக் பலகையைக் கழுவுவது எளிதாக இருந்தது. கத்திக் கீறல் மிகுந்த பழைய பிளாஸ்டிக் பலகையில் கிருமிகள் கீறல்களில் தங்கிக் கழுவலுக்கும் தப்பின. மரம் தன்னைத் தானே தூய்மை செய்துகொள்ளும் என்று இதற்குப் பொருள் கொள்ளல் ஆகாது. கழுவி உலர்த்திய மரப்பலகைக்கு அஞ்ச வேண்டியதில்லை என்பதே பொருள். ஈரம் காயாத மரத்தில் கிருமிகளும் பூசணமும் பிழைத்திருக்கும். உலர்வே மரத்தின் தூய்மை.

இறைச்சிப் பலகையைச் சோப்பும் வெந்நீரும் கொண்டு கழுவிய பின், கடையில் விற்கும் மணமற்ற குளோரின் வெளுப்பு நீரை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 4 மில்லிலிட்டர் அளவில் கலந்து தடவி, சில நிமிடம் விட்டு அலம்பி உலர்த்தலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை. அந்நீரோடு எலுமிச்சையையோ வினிகரையோ சேர்க்கவே கூடாது, நச்சுக்காற்று எழும். உப்பும் எலுமிச்சையும் தேய்க்கும் நாள் வேறாகவும், வெளுப்பு நீர் தடவும் நாள் வேறாகவும் இருக்கட்டும்.

அடுத்தது எண்ணெய். எண்ணெய் தடவுவது அழகுக்கு அன்று. மரத்தின் நுண்துளைகளில் எண்ணெய் இருந்தால் நீர் மெதுவாகப் புகும், மெதுவாக வெளியேறும். அந்த நிதானமே வளைவையும் வெடிப்பையும் தடுக்கிறது. எந்த எண்ணெய் என்பதில் கருத்தாக இருக்க வேண்டும். கடலை எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் நாளடைவில் சிக்கெடுத்து நாறும். நல்லெண்ணெய் அவற்றைவிடத் தாங்கும். ஆயினும் அதற்கும் எல்லை உண்டு. தேங்காயெண்ணெய் எளிதில் சிக்கெடுப்பதில்லை. சுத்திகரித்த தேங்காயெண்ணெய் இன்னும் நல்லது. ஆனால் 24 பாகை வெப்பத்துக்குக் கீழே அது உறைந்துவிடும். தில்லியில் தை மாதம் கழித்தவர்களுக்கு இதனைச் சொல்லித் தெரிவிக்க வேண்டுவதில்லை; காந்தலூரின் குளிர்காலத்துக்கும் அது பொருந்தும். இளஞ்சூடு காட்டித் தடவினால் மரத்தில் இறங்கும். கெடவே கெடாத எண்ணெய் வேண்டுமானால், மருந்துக் கடைகளில் உட்கொள்ளும் தரத்தில் விற்கும் லிக்விட் பாரஃபின் இருக்கிறது. தைத்துணிக் கடைகளில் எந்திரத்துக்கு விற்கும் எண்ணெயும், வண்ணக் கடைகளில் விற்கும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயும், வார்னிஷும் உணவு படும் பலகைக்கு ஆகா. அத்தகைய ஆளிவிதை எண்ணெயில் விரைந்து உலர்வதற்காக உலோக உப்புகளைச் சேர்க்கின்றனர்.

தடவும் முறை எளிது. பலகை முழுதும் உலர்ந்திருக்க வேண்டும். கழுவிய அன்று தடவினால் ஈரத்தை உள்ளே பூட்டியதாகும். துணியில் எண்ணெயை எடுத்து இரு முகங்களிலும் மெல்லிதாகத் தேயுங்கள். தலைப்புகள் இரண்டுக்கும் இரண்டு மூன்று முறை தடவுங்கள். மிகுதியாகக் குடிப்பது அவ்விடமே. இரவு முழுதும் நிறுத்தி வைத்து, காலையில் மிகுந்ததைத் துடைத்துவிடலாம். புதுப் பலகைக்கு முதல் வாரம் நாள்தோறும், பிறகு ஒரு மாதம் வரையில் வாரம் ஒருமுறை, அதன்பின் மாதம் ஒருமுறை போதும். இன்னும் வேண்டுமா, போதுமா என்பதைப் பலகையே சொல்லும். மேலே ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் எண்ணெய் இருக்கிறது. மரம் கறுத்து நீர் பரவினால் எண்ணெய் வேண்டும். தேன்மெழுகு கிடைத்தால் ஒரு பங்கு மெழுகுக்கு நான்கு பங்கு எண்ணெய் சேர்த்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி ஆறவிட்டு, அக்களிம்பைத் தலைப்புகளுக்குப் பூசுங்கள். காந்தலூரைச் சூழ்ந்த மலைகளில் வாழும் முதுவர் முதலிய மக்கள் தேனெடுக்கும் தொழில் அறிந்தவர்கள். தேன் விற்கும் இடத்தில் மெழுகையும் கேட்டுப் பெறலாம்.

இவை எல்லா ஊர்க்கும் பொது. இனி ஊருக்கு ஊர் வேறுபடுவன. தில்லியிலும் இராஜஸ்தானத்திலும் வைகாசி, ஆனி மாதங்களில் வீசும் அனற்காற்று மரத்தின் பகைவன். அங்கே கோடை தொடங்கும் முன்னரே எண்ணெயைத் தாராளமாகத் தடவி, குளிரூட்டியின் காற்றோ விசிறியின் காற்றோ நேரே படாத இடத்தில் வையுங்கள். கோடையில் மாதம் இருமுறை எண்ணெய் வேண்டியிருக்கும். மும்பையிலும் கொங்கணக் கரையிலும் கேரளக் கரையிலும் ஆனி முதல் ஆவணி வரையில் ஈரமே பகை. அங்கே எண்ணெயைவிடக் காற்றோட்டம் முதன்மை. பலகையை மூடிய அலமாரியில் வைக்காமல் சாளரத்தருகே நிறுத்துங்கள். பூசணம் கண்டால் உப்புத்தாளால் தேய்த்து, கழுவி, நன்கு உலர்த்திய பின்னரே எண்ணெய் தடவுங்கள். பூசணத்தின் மேல் எண்ணெய் தடவினால் அது மறையுமேயன்றி மடியாது. கொல்கத்தாவில் ஆண்டின் பெரும்பகுதி ஈரம். மார்கழி, தை மாதங்களில் மட்டும் வறட்சி. ஆதலால் கார்த்திகையில் ஒருமுறை நன்கு எண்ணெயிட்டால் நலம். பெங்களூரில் வாழ்வோர் பேறு பெற்றவர்கள். அங்குள்ள காற்று மரத்தைப் பெரிதும் வருத்துவதில்லை. ஊரிலிருந்து புதிதாக மணை கொண்டு செல்வோர், போன அன்றே பயன்படுத்தாமல், எண்ணெய் தடவித் துணியில் சுற்றி இரண்டு மூன்று வாரம் சமையலறையிலேயே வைத்திருந்தால், புதுக் காற்றுக்கு அது மெல்ல இசைந்துகொள்ளும்.

கெட்டுப் போனதைத் திருத்தவும் வழியுண்டு. வளைந்த பலகையில் குழிந்த முகமே உலர்ந்த முகம். அம்முகத்தின் மேல் ஈரத்துணி விரித்து ஓரிரவு வைத்தால் பெரும்பாலும் நிமிர்ந்து வரும்; நிமிர்ந்ததும் இரு முகமும் உலரவிட்டு எண்ணெயிடுங்கள். கீறல் மிகுந்த மேல்முகத்தை ஆண்டுக்கு ஒருமுறை உப்புத்தாளால் இழைவாக்கில் தேய்க்கலாம். ஆழமான கீறலுக்குத் தச்சரிடம் கொடுத்து இழைப்புளியால் ஒரு தோல் சீவி வாங்கலாம். புதிய முகம் பிறக்கும். மணையின் அலகு ஆடினால் ஆணி அடிக்கக் கூடாது. ஆணி மரத்தைப் பிளக்கும், துருவும் சேர்க்கும். மூங்கிற் சிம்பால் ஓர் ஆப்புச் சீவித் துளையில் இறுக்கினால் போதும். தலைப்பில் தொடங்கிய சிறு வெடிப்பு மேலும் ஓடாதபடி மெழுகைப் பூசி நிறுத்தலாம். விரல்நகம் நுழையும் அளவுக்குப் பிளந்துவிட்டால், உள்ளே தங்குவதைக் கழுவ முடியாது. அப்பலகைக்கு உணவுப் பணியிலிருந்து ஓய்வு கொடுத்துவிடுங்கள்.

வெளியூரில் மணையைச் செப்பனிட யார் இருக்கிறார்கள் என்று கேட்கலாம். அண்டை வீட்டைக் கேளுங்கள். வங்காளத்தார் போட்டி என்பதும், மராட்டியர் விளி என்பதும், கன்னடர் ஈளிகெ மணெ என்பதும், தெலுங்கர் கத்திபீட என்பதும் நம் அரிவாள்மணையின் உடன்பிறப்புகளே. தரையில் அமர்ந்து, நிற்கும் அலகில் காயைச் செலுத்தும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. மாதுங்காவிலோ கரோல்பாகிலோ தமிழ்த் தச்சரைத் தேடி அலைய வேண்டுவதில்லை. அந்த ஊர் மணைக்கு ஆப்பு வைக்கும் கை நம் மணைக்கும் வைக்கும். அந்த ஊர்க் காற்றில் மரம் எப்போது வீங்கும், எப்போது சுருங்கும் என்பதை நம்மைவிட அக்கைகள் நன்கு அறியும். பலகையைப் பேணும் அறிவில் பாதி, அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களிடம் கேட்டுப் பெற வேண்டியது.

நேயர்களே, சொன்னவற்றைச் சுருக்கிச் சொல்லி முடிக்கிறேன். இரு முகமும் கழுவுங்கள், ஊறவிடாதீர்கள். நிழலில் நிறுத்தி உலர்த்துங்கள். இறைச்சிக்குத் தனிப் பலகை வையுங்கள். தலைப்புகளுக்கு எண்ணெய் மறவாதீர்கள். யாவற்றுக்கும் மேலாக, நீங்கள் வாழும் ஊரின் கோடை எது, மழை எது என்று பார்த்து அதற்கு ஏற்ப நடந்துகொள்ளுங்கள். நாளொன்றுக்கு இரண்டு நிமிடமும், மாதம் ஒருமுறை ஒரு கரண்டி எண்ணெயுமே இதற்கு ஆகும் செலவு. அவ்வளவு செய்தால், அன்னை கொடுத்தனுப்பிய மணையில் உங்கள் மக்களும் வெண்டைக்காய் அரிவார்கள்.